காலியில் சந்தித்த இரண்டு கடிதங்கள்

சென்னையிலிருந்து காலிக்குப் போகும் பெரிய கப்பலுக்குக் குறுக்குவழி கிடையாது. பாக்குநீரிணையிலும் மன்னார் மணல்திட்டுகளிலும் வள்ளம், தோணி போகும். நிலக்கரி ஏற்றிய நீராவிக் கப்பல் தரை தட்டிவிடும். அதனால் 19ஆம் நூற்றாண்டின் தபால் கப்பல்கள் எல்லாம் இலங்கையின் கிழக்குக் கரையைச் சுற்றித்தான் இறங்கின. திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று நம் ஊர்கள் முழுவதும் அவற்றின் வலது கைப்பக்கம் கழிந்துபோயின. எதிலும் அவை நிற்கவில்லை. திருகோணமலையை விட்டால் நிற்பதற்கு இங்கே துறையும் இல்லை, ஏற்றுவதற்குத் தபாலும் அதிகம் இல்லை. ஆனால் அந்தக் கப்பல்களின் தபால் பெட்டிகளுக்குள் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கடிதங்கள் இருந்தன. அத்திலாந்திக் கடலைத் தாண்டிய பழைய கடிதங்களை இன்று தேடித் திரிகிறவர்கள் திருக்கோவில் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கடிதங்களில் ஒரு பகுதி நம் கடலால் போனது என்பது மட்டும் நிச்சயம்.

பழைய தபால் சேகரிப்பில் ‘அத்திலாந்திக் தபால்’ ஒரு தனி உலகம். அதில் இருப்பவர்கள் முத்திரையைப் பெரிதாக மதிப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது உறை முழுவதும், அதுவும் முன்புறம் பின்புறம் இரண்டும். எந்த ஊரில் சீல் குத்தப்பட்டது, எந்தக் கப்பலில் ஏறியது, யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டார்கள், கடைசியில் காசு கொடுத்தது யார் என்பதையெல்லாம் ஒரு தாளின் வெளிப்புறத்திலிருந்தே எடுத்துச் சொல்லிவிடுவார்கள். இந்தக் கணக்குகளை விரிவாக எழுதிவைத்த ஜோர்ஜ் ஹார்கெஸ்டின் நூல் 1971இல் வந்தது. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் துறையை விட்டது என்ற பட்டியலை ஹபார்ட், வின்டர் இருவரும் 1988இல் வெளியிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் 170 வருடத்துக்கு முந்திய ஒரு கடிதத்தை நாளுக்கு நாள் பின்தொடரலாம்.

இலங்கைத் தமிழருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால், பதில் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. மட்டக்களப்புக்கு 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி வந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஆங்கிலேயர்கள். அவர்களுடைய கடிதம் இலண்டனில் நின்றுவிடும். யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்களோ அமெரிக்கர்கள். 1815 ஒக்டோபரில் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் நியூபரிபோர்ட் துறையிலிருந்து ‘டிரையட்’ என்ற பாய்க்கப்பலில் புறப்பட்டு, 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கினார்கள். ஐந்து மாதக் கடல். அவர்கள் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், பண்டத்தரிப்பு என்று நிலைகொண்ட நாள்முதல் அங்கிருந்து பொஸ்டனுக்குக் கடிதம் ஓடத் தொடங்கியது. பின்னர் அந்த மிஷனின் கிளைகள் 1834இல் மதுரைக்கும், 1836இல் சென்னைக்கும் போயின. வீட்டுக்கும் எழுதினார்கள், பொஸ்டன் தலைமையகத்துக்கும் எழுதினார்கள். அமெரிக்கக் கொடையாளிகளின் பணத்தில் படித்த பிள்ளைகளுக்கு அந்தக் கொடையாளிகளின் பெயரையே வைத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான விசுவநாதபிள்ளை ‘கரோல்’ விசுவநாதபிள்ளை ஆனது அப்படித்தான்.

1852ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இருந்தார். 1847இல் வந்தவர், மசாசுசெட்ஸின் வூஸ்டர் நகரத்துக்காரர். தமிழில் மேலை மருத்துவம் கற்பிக்கலாம் என்று நம்பி, கற்பித்தும் காட்டியவர். அவருடைய அண்ணன் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க்கில் வழக்கறிஞர். பின்னாளில் அந்த நகரத்தின் சென்ட்ரல் பார்க் உருவானதில் முன்னின்றவரும் அவரே. அதே 1852இல் சென்னையில் இருந்தவர் மைரன் வின்ஸ்லோ. முன்பு உடுவிலில் பணியாற்றியவர். 1862இல் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதிக்கு உரியவர். கிறீன் மானிப்பாயிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரு கடிதமும், வின்ஸ்லோ சென்னையிலிருந்து பொஸ்டன் மிஷன் செயலாளர் ரூபஸ் அன்டர்சனுக்கு ஒரு கடிதமும் எழுதியதாக வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு நாளில் எழுதிய குறிப்பிட்ட இரண்டு தாள்களைப் பற்றி நான் சொல்லவில்லை. இருவரும் அப்படிப் பல எழுதினார்கள், அவற்றில் பெரும்பாலானவை போன வழி ஒன்றுதான்.

முதலில் தாள். அந்தக் காலத்துக் கடிதம் பெரும்பாலும் உறையில் வைத்து அனுப்பப்படவில்லை. ஒரு பெரிய தாளை மடித்து, நான்கு பக்கத்தில் மூன்றில் எழுதி, நான்காவதை வெளிப்புறமாக விட்டு முகவரி எழுதி, அரக்கு வைப்பார்கள். நிறைதான் கூலியைத் தீர்மானித்தது. அரை அவுன்ஸ், அதாவது நம் கணக்கில் 14 கிராம், முதல் படி. பிரான்சின் மார்செய் துறை வழியாகப் போகும் விரைவு வழிக்குக் கால் அவுன்ஸ் கணக்கு. அதனால் வெங்காயச் சருகு மாதிரியான தாளில் எழுதினார்கள். எழுதி முடித்த பக்கத்தைத் திருப்பி வைத்து, முதல் வரிகளுக்குக் குறுக்கே இன்னொரு வரிசை எழுதுவதும் உண்டு. வாசிக்கிறவருக்குக் கண் பிடுங்கும். எழுதுகிறவருக்குக் காசு மிச்சம். மிஷனரிகளுடைய சம்பளத்துக்கு அது சிறிய காசு அல்ல.

மானிப்பாய்க் கடிதம் தரையால் போனது. தபால் ஓட்டக்காரர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி மாற்றிக் கொழும்பு வரை கொண்டுசேர்த்தார்கள். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே அப்போது ரயில் இல்லை, சீரான தெருவும் இல்லை. காடு, சதுப்பு, ஆற்று முகங்கள். கொழும்பிலிருந்து காலி வரை கரையோரத் தெருவில் குதிரைவண்டி. கொழும்புப் பத்திரிகைக்காரர்களுக்கு அந்த வண்டியின் வேகமும் போதவில்லை. காலியில் கப்பல் கொண்டுவந்த ஐரோப்பியச் செய்தியைப் புறாக்காலில் கட்டிக் கொழும்புக்குப் பறக்கவிட்டது ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை. 1850இல் தொடங்கிய அந்தப் புறாச் சேவை, 1858இல் தந்திக் கம்பி வந்தபோது ஓய்ந்தது.

சென்னைக் கடிதத்தின் முதல் மைல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அன்றைய சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும்; கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் மூன்று வரிசை அலை மடிந்து விழும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகில் ஏற்றுவார்கள். அது ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். மசூலாவும் போகமுடியாத கடலில் கட்டுமரக்காரர் போனார்கள். அவர்கள் தலையில் தண்ணீர் புகாத கூம்புத் தொப்பி ஒன்று வைத்திருப்பார்கள். கடிதம் அதற்குள். அலை மனிதனைப் புரட்டிப் போடும், அவன் நீந்திக் கட்டுமரத்தைப் பிடித்து மறுபடி ஏறுவான், தொப்பிக்குள் தாள் ஈரமாகாது. அக்கால ஆங்கிலப் பயணிகள் பலர் இதை வியந்து எழுதியிருக்கிறார்கள். அத்திலாந்திக் தபால் என்று பேசும்போது லிவர்பூல் கப்பல் கம்பனிகளின் பெயர் வரும், கப்டன்களின் பெயர் வரும். சென்னைக் கரையின் அந்தக் கட்டுமரக்காரர்களில் ஒருவருடைய பெயர்கூட எந்தக் கடிதத்தின் வெளிப்புறத்திலும் இல்லை. தொப்பிக்குச் சீல் கிடையாதல்லவா.

கல்கத்தாவிலிருந்து வந்து சென்னையில் தபால் ஏற்றிய கப்பல் பி அன்ட் ஓ கம்பனியுடையது. அந்தக் கம்பனியின் ‘ஹிந்தோஸ்தான்’ 1842 செப்டெம்பர் 24ஆம் திகதி இங்கிலாந்தின் சவுதாம்டன் துறையை விட்டு நன்னம்பிக்கை முனை சுற்றி வந்தது. அதன் பின் கல்கத்தா–சென்னை–காலி–ஏடன்–சூயஸ் வழி நிலைத்தது. சென்னையை விட்ட கப்பல் தெற்கே இறங்கி நம் கரையைக் கடந்தது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காகத் திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் முன் கடற்கரையில் சனம் கூடியிருந்த நாட்களிலும் ஏதாவதொரு தபால் கப்பல் வெளிக்கடலில் போயிருக்கக்கூடும். கூமுனை, யால எல்லாம் தாண்டினால் கப்பலோட்டிகள் பயந்த இடம் வரும். சின்ன பாசஸ், பெரிய பாசஸ் என்று கடலுக்குள் தலைகாட்டும் பாறைத்தொடர்கள். சிங்களத்தில் அவற்றை இராவணன் கோட்டை என்பார்கள். 1852இல் அங்கே விளக்கு இல்லை. பெரிய பாசஸ் வெளிச்சவீடு 1873இல்தான் எரிந்தது, சின்ன பாசஸ் 1878இல். அதுவரை இருட்டில் கணிப்பும் நிதானமும்தான் வழிகாட்டி.

இரண்டு கடிதங்களும் காலியில் சந்தித்தன. அன்று இலங்கையின் வாசல் கொழும்பு அல்ல, காலிதான். சீனாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்த தபால் ஒன்றுசேரும் முடிச்சு அது. துறை மட்டும் மோசமானது. 1860 மே 22ஆம் திகதி, சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த பிரித்தானியத் தூதர் எல்ஜின் பிரபுவை வைத்துக்கொண்டே ‘மலபார்’ என்ற பி அன்ட் ஓ கப்பல் அந்தத் துறைக்குள் பாறையில் மோதி மூழ்கியது. கொழும்பில் அலைதாங்கி கட்டி, 1882இல் பி அன்ட் ஓ அங்கே மாறியதும் காலியின் காலம் முடிந்தது.

காலியை விட்டால் ஏடன், பிறகு செங்கடல், பிறகு சூயஸ். கால்வாய் திறந்தது 1869 நவம்பரில். நம் கடிதங்களுக்கு அது 17 வருடம் தள்ளி. 1852இல் சூயஸிலிருந்து கெய்ரோவுக்கு 84 மைல் பாலைவனம். பயணிகளுக்கு ஆறு பேர் அமரும் இரண்டு சில்லு வண்டி, தபால் பெட்டிகளுக்கு ஒட்டகம். கெய்ரோவிலிருந்து நைல் நதியில் படகு, பின்னர் வாய்க்கால், அலெக்சாந்திரியா. இந்த வழியைத் தொடக்கத்தில் வம்படியாக ஓடி நிரூபித்தவர் தோமஸ் வாக்ஹோர்ன். தன் பொறுப்பில் அனுப்பிய கடிதங்களில் அவர் தன் பெயரையே சீலாகக் குத்தினார். ‘வாக்ஹோர்ன் பொறுப்பில்’ என்று சொல்லும் அந்தச் சீல் இருந்தால் இன்று சேகரிப்பாளர் ஒருவர் விலை கேட்காமலே கையை நீட்டுவார்.

1840களின் தொடக்கக் கடிதங்களில் இன்னொரு அடையாளம் உண்டு: தாளில் உளியால் வெட்டியது போன்ற ஓரிரு கீறல்கள். கிழக்கிலிருந்து வருவதெல்லாம் கொள்ளைநோய் கொண்டுவரும் என்று பயந்து, மால்டாத் தீவின் தொற்றுத்தடை நிலையத்தில் கடிதங்களைக் கீறி, கந்தகப் புகையோ காடியோ உள்ளே போகும்படி செய்தார்கள். சேதமான கடிதம் என்று விவரம் தெரியாதவர் ஒதுக்கிவிடுவார். அந்தச் சேதத்துக்குத்தான் விலை.

அலெக்சாந்திரியாவில் வழி பிரியும். மால்டா, ஜிப்ரால்டர் சுற்றிச் சவுதாம்டனுக்குப் போவது மலிவு, தாமதம். மார்செய்யில் இறங்கிப் பிரான்சைத் தரையால் கடப்பது விரைவு, விலை கூட. எது வேண்டும் என்பதைக் கடிதம் எழுதுகிறவரே முகவரியின் மேல் இடது மூலையில் எழுதிவிடுவார்: ‘சவுதாம்டன் வழி’ அல்லது ‘மார்செய் வழி’. அந்த ஒரு வரியிலிருந்து எழுதியவரின் அவசரமும் கைப்பணமும் தெரிந்துவிடும்.

இலண்டனில் சிவப்புச் சீல், லிவர்பூலில் கப்பல். அங்கேதான் அத்திலாந்திக் கதை தொடங்குகிறது. நம் இரண்டு கடிதங்களும் அதற்குள்ளேயே உலகத்தின் பாதியைக் கடந்துவிட்டன. 1840 ஜூலை 4ஆம் திகதி சாமுவேல் கியூனார்டின் ‘பிரித்தானியா’ லிவர்பூலை விட்டு ஹலிபக்ஸ் வழியாகப் பொஸ்டனுக்குப் போனது முதல் அத்திலாந்திக்குக்கு நேரசூசி வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் பாய்க்கப்பல்தான்: காற்று வீசினால் போகும், வீசாவிட்டால் கிடக்கும். பொஸ்டன்காரர்களுக்கு இந்தக் கப்பல்மேல் எவ்வளவு பிடிப்பு என்றால், 1844 பெப்ரவரியில் துறைமுகம் உறைந்து ‘பிரித்தானியா’ சிக்கிக்கொண்டபோது வியாபாரிகள் தங்கள் செலவில் ஆள் வைத்து, ஏழு மைல் நீளத்துக்குப் பனிக்கட்டியை வாளால் அறுத்து வழி வெட்டி அனுப்பினார்கள். அதே பொஸ்டன் குளங்களில் அறுத்த பனிக்கட்டிதான் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, கடற்கரை ஐஸ் ஹவுஸில் அடுக்கப்பட்டு, துரைமாரின் கிளாசுக்குள் விழுந்தது.

அப்படி வரும் அமெரிக்க வியாபாரக் கப்பலின் கப்டன் கையில் கடிதத்தைக் கொடுத்துவிடுவதும் ஒரு வழி. அமெரிக்கத் துறையில் தபால் கந்தோர் அவருக்குக் கடிதத்துக்கு 2 சதம் கொடுக்கும். அந்தத் துறை ஊரிலேயே கடிதத்தைப் பெறுகிறவர் 6 சதம் கொடுத்தால் போதும். மலிவு, ஆனால் எப்போது போய்ச்சேரும் என்று யாரும் சொல்ல முடியாது.

லிவர்பூல் வழிக்கோ காசுக்கணக்கு தலைசுற்றும். பிரித்தானியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 1849 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இரு நாடுகளுக்கும் இடையே அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 24 சதம். அதில் 5 சதம் அமெரிக்காவின் உள்நாட்டுக் கூலி, 16 சதம் கடல், 3 சதம் பிரித்தானிய உள்நாடு. கடல் பங்கு எந்த நாட்டின் கப்பல் சுமந்ததோ அந்த நாட்டுக்கு. பிரித்தானியாவிலிருந்து காசு கட்டாமல் வந்த கடிதத்தைக் கியூனார்ட் கப்பல் சுமந்தால் 16உம் 3உம் சேர்த்து ‘19’ என்று குத்தி அமெரிக்காவிடம் கேட்பார்கள். அமெரிக்கக் கப்பல் சுமந்தால் ‘3’ மட்டும். கறுப்பு மை என்றால் பெறுகிறவர் கட்டவேண்டும், சிவப்பு என்றால் ஏற்கெனவே கட்டியாயிற்று. கிழக்கிலிருந்து வந்த கடிதத்துக்கு இதற்கு முந்திய பயணத்தின் கூலியும் சேரும். அதை எழுதியவர் எந்த எல்லை வரை கட்டினார் என்பதைப் பொறுத்து மிச்சம் அமெரிக்காவில் அறவிடப்படும். ஆகவே முகவரிக்குக் குறுக்கே கிறுக்கிய எண்கள், அடித்த எண்கள், சீல் குத்திய எண்கள் என்று மூன்று நான்கு கணக்கு ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். கண்ணுக்கு அசிங்கம். சேகரிப்பாளருக்கு அதுதான் அழகு.

இந்த ஒப்பந்தம் சும்மா வரவில்லை. 1847இல் ‘வாஷிங்டன்’ என்ற அமெரிக்க நீராவிக் கப்பல் தபாலோடு சவுதாம்டனுக்குப் போனது. தன் கப்பல் சுமக்காத அந்தக் கடிதங்களுக்கும் பிரித்தானியா ஒரு ஷில்லிங் கப்பல் கூலி கேட்டது. கியூனார்டுக்குப் போட்டி வந்த எரிச்சல். அமெரிக்கக் காங்கிரஸ் 1848 ஜூனில் பதிலுக்குச் சட்டம் போட்டு, பிரித்தானியக் கப்பல் கொண்டுவந்த கடிதத்துக்கும் அதே மாதிரி இரண்டாம் கூலி வாங்கியது. இரு தரப்பும் பிடிவாதம் பிடித்த அந்த ஆறேழு மாதத்தில் கடிதம் எழுதிய அப்பாவிகள் இரட்டைக் காசு கட்டினார்கள். இன்று ‘பழிவாங்கல் கூலி’க் கடிதங்கள் ஏலத்துக்கு வந்தால் போட்டி பலமாக இருக்கும். அன்று அழுதுகொண்டு கட்டிய காசு, இன்று விலையைக் கூட்டுகிறது.

1850 முதல் கொலின்ஸ் கம்பனியின் அமெரிக்கக் கப்பல்கள் கியூனார்டோடு ஓடின. வேகம் அதிகம், விதி மோசம். 1854 செப்டெம்பர் 27இல் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் மூடுபனியில் ‘ஆர்க்டிக்’ இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கி 300 பேருக்கு மேல் இறந்தார்கள். 1856 ஜனவரியில் லிவர்பூலை விட்ட ‘பசிபிக்’ எங்கேயும் போய்ச்சேரவில்லை. 1858இல் கம்பனியே முடிந்தது. இந்தப் பக்கத்துக் கடலிலும் அதே கதைதான். 1862 நவம்பரில் காலியை விட்டுச் சூயஸ் நோக்கிப் போன பி அன்ட் ஓ கப்பல் ‘கொலம்போ’ மினிக்கோய் தீவில் ஏறி உடைந்தது. தபாலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். முத்திரைகள் கழன்று மிதந்துபோன அந்தக் கடிதங்களில், உடைந்த ‘கொலம்போ’விலிருந்து மீட்டது என்று ஆங்கிலத்தில் சீல் குத்தி விநியோகித்தார்கள். முத்திரை இல்லாத, மை கலங்கிய, உப்புப் பிடித்த அந்தத் தாளுக்குக் கொடுக்கும் விலைக்கு நல்ல நிலையிலுள்ள முத்திரைகள் ஒரு அல்பமே வாங்கலாம்.

முத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வந்த 6 பென்ஸ்; இங்கிலாந்துக்குப் போகும் அரை அவுன்ஸ் கடிதத்தின் கூலி அது. 1859இல் வந்த 4 பென்ஸ் மங்கல் ரோசா நிற முத்திரை உலகப் பெயர் பெற்றது, ‘டல் ரோஸ்’ என்றால் முத்திரைக்காரர் எழுந்து நிற்பார்கள். ஆனால் 1852இன் நம் கடிதங்களில் முத்திரையே இல்லை. மையும் சீலும் மட்டும். அதனாலேயே பல தலைமுறை முத்திரைக்காரர்கள் இவற்றைச் சீண்டவில்லை. முத்திரை உள்ள கடிதங்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை: உறையைத் தண்ணீரில் ஊறப்போட்டு முத்திரையை உரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டார்கள். முத்திரை சேர்க்கத் தொடங்கும் பிள்ளைக்கு இன்றும் முதலில் சொல்லிக்கொடுக்கும் வித்தை அதுதான். என்னைக் கேட்டால் பழைய தபாலுக்குக் கறையான் செய்த கேட்டைவிட அந்த வித்தை செய்த கேடு பெரிது.

நம் கடிதங்கள் போய்ச்சேர்ந்தன. வின்ஸ்லோவின் கடிதத்தில் பொஸ்டன் சீல் விழுந்தது. ‘பிரிட்டிஷ் பெக்கட்’, அதாவது பிரித்தானியத் தபால் கப்பல், என்பதன் சுருக்கமும் அதில் இருக்கும். அங்கிருந்து பெம்பர்ட்டன் சதுக்கத்தின் மிஷன் மனைக்கு. அங்கே எழுத்தர்கள் கிடைத்த திகதியைத் தாளிலேயே குறித்துக் கோவையில் சேர்த்தார்கள். நல்ல பகுதிகளை ‘மிஷனரி ஹெரால்ட்’ மாத இதழில் அச்சிட்டார்கள். சென்னையில் எழுதிய திகதியும் பொஸ்டனில் கிடைத்த திகதியும் ஒரே தாளில் இருப்பது ஆராய்கிறவருக்கு வரம். இடையே ஏறக்குறைய மூன்று மாதம் ஓடியிருக்கும். கேள்வி ஒன்றுக்குப் பதில் வர அரை வருடம். இந்த இடைவெளியில்தான் யாழ்ப்பாண மிஷன் நடந்தது: பொஸ்டன் ‘வேண்டாம்’ என்று எழுதிய கடிதம் வந்துசேரும்போது இங்கே வேலை முடிந்திருக்கும். ரூபஸ் அன்டர்சன் 1855இல் நேரிலே வந்து, ஆங்கிலக் கல்வி கூடிவிட்டது என்று மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியை மூடவைத்ததற்குப் பின்னால் இந்தத் தபால் தாமதமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கடிதத்தால் ஆளமுடியாததை ஆள் வந்து ஆண்டார்.

அந்தக் கோவைகள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹவுட்டன் நூலகத்தில் இருக்கின்றன. டொக்டர் கிறீன் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களை எபனேசர் கட்லர் தொகுக்க, கிறீன் இறந்து ஏழு வருடம் கழித்து, 1891இல் நூலாக அச்சிட்டார்கள். நூலில் உள்ளடக்கம் இருக்கிறது, வெளிப்புறம் இல்லை. அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் அப்படித்தான்: மகன் என்ன எழுதினான் என்பது வேண்டும், 19 என்ற கறுப்பு எண் வேண்டாம். சேகரிப்பாளர்களில் பலர் அதற்கு நேரெதிர். உறையின் இரண்டு பக்கத்தையும் உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று விரித்தே பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வாந்திபேதிக் காலம் பற்றி உள்ளே ஒருவர் எழுதியிருக்கலாம். ஏலப் பட்டியலில் ‘அழகான சீல், சிறிய மடிப்பு’ என்று மட்டும் வரும். எனக்கு இரண்டு தரப்பிலும் கோபம்தான்.

ஒரு சமநிலையின்மையையும் சொல்லவேண்டும். இங்கிருந்து போன கடிதங்கள் பொஸ்டன் குளிரில், கட்டடத்துக்குள், கோவையில் பத்திரமாக இருக்கின்றன. அங்கிருந்து இங்கே வந்த கடிதங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஈரம், கறையான், வீடு மாறுதல், போர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்ததில் தாள் எவ்வளவு என்று எண்ணிமுடியாது. நம் கரையில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல், காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையுமே அள்ளிக்கொண்டு போனது. அலுமாரியின் அடித்தட்டில் தாத்தாவின் கடிதக்கட்டு இருந்ததா என்று யார் பார்த்தார்கள்? தமிழர் மண்ணின் 19ஆம் நூற்றாண்டுத் தபால் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போனதால் பிழைத்தது.

இந்தக் கதைக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. 1868இல் 24 சதம் 12 ஆனது, 1870இல் 6. 1874இல் பேர்ன் நகரத்தில் நாடுகள் கூடி ஒரு தபால் ஒன்றியம் அமைத்தன. அடுத்த வருடம் ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1876இல் சேர்ந்தது, இலங்கை 1877 ஏப்ரல் 1இல். ஒன்றியத்துக்குள் எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே கூலி. அனுப்புகிற நாடே காசை வைத்துக்கொள்ளும். ஒருவருக்கொருவர் கணக்குக் கேட்கத் தேவையில்லை. உறையில் ஒரு முத்திரை, புறப்பட்ட சீல், சேர்ந்த சீல், அவ்வளவுதான். சிவப்பு எண்ணும் கறுப்பு எண்ணும் ‘மார்செய் வழி’யும் ஒழிந்தன. மக்களுக்கு நிம்மதி. அத்திலாந்திக் தபால் சேகரிப்பாளர்களின் நூல்கள் பெரும்பாலும் 1875இல் வந்து நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். அதற்குப் பிறகு விடுவிக்கப் புதிர் இல்லை.

அதற்குள் டொக்டர் கிறீன் வூஸ்டருக்கே திரும்பிவிட்டார். 1873இல் உடல்நிலை காரணமாக யாழ்ப்பாணத்தை விட்டவர் தமிழ் மருத்துவ நூல்களின் வேலையை விடவில்லை. 1884இல் இறக்கும்வரை அந்த வேலை கடலுக்கு அப்பாலிருந்து நடந்தது. இப்போது வேதியியலும் மருந்தியலும் தமிழ் எழுத்தில் எதிர்த்திசையில் அத்திலாந்திக்கைக் கடந்து, திறந்துவிட்ட சூயஸ் கால்வாயால், ஒட்டகமும் கீறலும் இல்லாமல், குறைந்த கூலியில் வந்தன. அந்த உறைகளில் ஏதாவது யாருடைய வீட்டிலாவது இருந்தால், மடிப்பை விரிக்கவேண்டாம், தண்ணீரில் போடவேண்டாம், ஒட்டுப்பட்டி ஒட்டவேண்டாம். இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, முத்திரையை மட்டும் விலை பேசுகிற ஆளுக்குக் கொடுக்காமல் இருங்கள்.